2,71,000 கிலோமீட்டர் ஓடிய கம்பெனி வண்டி

2025 மார்ச்சில் எங்கள் காலனிக்கென்று ஒரு கார் வாங்கினோம். புதிய கார் அல்ல. 2013-ஆம் ஆண்டு இன்னோவா, டீசல் வண்டி. ஒரகடம் பக்கத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றது. மீட்டரில் 2,71,000 கிலோமீட்டர். "இவ்ளோ ஓடின வண்டியையா வாங்கினீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. உறவுக்காரர்கள் கேட்டார்கள், தோழர்கள் கேட்டார்கள், ஊர்த்தெருக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்துக் கொஞ்சம் சிரிப்போடு கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறோம். கூட்டாக வண்டி வாங்கும் யோசனையில் இருக்கும் மற்ற காலனிகளுக்கும் இது பயன்படலாம்.

முதலில், எங்களுக்கு எதற்கு வண்டி?

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் காலனி. கடைசி பஸ் இரவு எட்டரைக்கு. அவசரத்துக்கு 108 வருகிறது, பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. வாரத்துக்கு இரண்டு முறை புதுச்சேரிக்கு டயாலிசிஸ் போகிறவர் எப்படிப் போவார், களைத்துப்போய் எப்படித் திரும்புவார்? காலை ஒன்பது மணிக்கு முன்னால் விழுப்புரத்தில் தேர்வு மையத்துக்குள் இருக்க வேண்டிய பெண்பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க எட்டுப் பேர் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியோடு பஸ் செலவும் சேர்ந்து போகிறது.

ஊர்த்தெருவில் வாடகை வண்டிகள் மூன்று உண்டு. பகலில் கூப்பிட்டால் வருவார்கள். இரவில் கூப்பிட்டால் டயர் பஞ்சர், டிரைவர் ஊரில் இல்லை, வண்டி வேறு சவாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படியே வந்தாலும், "காலனிக்குள்ள ரோடு சரியில்ல, முனையில வந்து நில்லுங்க" என்பார்கள். சிமெண்ட் ரோடு போட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்னும் அதே பதில்தான்.

2024 அக்டோபரில் ஒரு ராத்திரி, டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் எங்கள் பெரியம்மா ஒருவருக்கு மூச்சு வாங்கியது. மழை. 108 வேறு ஒரு கேசுக்குப் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். வாடகை வண்டிக்காரர் முனைவரைதான் வருவேன் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியம்மாவை உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, ஒருவர் குடை பிடிக்க, முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். சிமெண்ட் ரோட்டில்தான் நடந்தோம், பள்ளம் மேடு எதுவும் இல்லை. பெரியம்மா பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் ஒருவர் மட்டும் சொன்னார்: "இனி எவன்கிட்டயும் வண்டி கேக்கக் கூடாது."

சரி, வண்டி என்பதே நம்மவர்களுக்கு எப்போதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் பீமராவும் உடன் சென்ற பிள்ளைகளும் மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். சாதி தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலி கொடுத்து, மாட்டையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள், வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929-இல் அவர் டாக்டர் அம்பேத்கர் ஆகி, அரசாங்கக் கமிட்டியின் உறுப்பினராகச் சாலிஸ்காவுக்குப் போனபோதும் அதே கதை. குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வரவேற்க வந்த நம் மக்கள், தலைவரை நடக்க வைப்பது மரியாதையில்லை என்று வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. மறுத்தவர்கள் மேல் நமக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மேஸ்திரி மாமா கூட்டத்தில் இந்தக் கதையை வேறு காரணத்துக்காகச் சொன்னார். "மரியாதைய பாத்தாங்க, வண்டி ஓட்டத் தெரியுமான்னு பாக்கல. நாமளும் அதே தப்ப பண்ணக் கூடாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இளைஞர்கள் புது வண்டி வேண்டும் என்றார்கள். "பழைய வண்டி வாங்கினா ஊர்க்காரன் சிரிப்பான்ண்ணே" என்றார்கள். அவர்கள் கேட்ட ஏழு பேர் உட்காரும் புது வண்டி ரோட்டுக்கு வரும்போது பத்து லட்சத்தைத் தாண்டியது. பாதிக்கு மேல் கடன் வாங்க வேண்டும். நூறு நாள் வேலைச் சம்பளம் மூன்று மாதம் தள்ளி வரும் வீடுகளில் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை எங்கிருந்து வரும்? இரண்டு தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார், ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அதைவிடப் பழைய வண்டி பெரிய அவமானமில்லை என்று ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்கள்.

பணம் இப்படிச் சேர்ந்தது. 24 குடும்பங்கள் ஆளுக்கு 12,000. அரசு வேலையில் இருக்கும் நான்கு பேர் ஆளுக்கு 30,000. பெண்கள் சுயஉதவிக்குழுவின் சேமிப்பிலிருந்து 1,20,000. மொத்தம் 5,28,000 ரூபாய். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சென்னையில் ஒரு புரோக்கர் காட்டிய வண்டிதான் எங்களை முதலில் மயக்கியது. வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி பாலிஷ், "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, 68,000 கிலோமீட்டர்தான்" என்றார். இளைஞர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டார்கள். எங்களுடன் வந்த மெக்கானிக் தம்பி நம் பையன், திண்டிவனத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். அவன் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் கதவைத் திறந்து குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தான். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. "68,000-க்கு இது இப்படித் தேயாதுண்ணா" என்றான். பிறகு டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைக் காட்டினான். 3519 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரும் ஐந்து விதம். கடைசியாகப் பின்சீட்டு பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தான். கடைசி அரை அடியில் காய்ந்த சேற்றுக் கோடு. சீட்டின் கீழே தண்டவாளம் போல இருக்கும் இரும்பில் துரு. 2015 டிசம்பரோ, 2023 மிக்ஜாம் புயலோ, ஏதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி அது.

மீட்டரைக் குறைப்பது இப்போது திருகாணி வேலை அல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் சில நிமிடத்தில் வேண்டிய எண்ணை ஏற்றிவிடலாம். எனவே மீட்டர் சொல்வதை மட்டும் நம்பி யாரும் வண்டி வாங்க வேண்டாம். பெடல், ஸ்டியரிங் உறை, கியர் குமிழ், டிரைவர் சீட்டின் ஓரம் இவையெல்லாம் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கடைசி சர்வீசில் 1,90,000 என்று பதிந்திருக்கும் வண்டி இன்று 68,000 காட்டினால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

இதற்குப் பிறகுதான் ஒரகடத்து வண்டி வந்தது. அந்தக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் எங்கள் பையன் ஒருவன், "ஆபீசருங்க போற வண்டிய விக்கறாங்க" என்று சொன்னான். 2,71,000 என்றதும் எங்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றோம். மெக்கானிக் தம்பி வகுத்துக் காட்டினான். 2,71,000-ஐப் பன்னிரண்டு ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 22,500 சொச்சம். வேலைநாள் 300 என்றால் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர். தாம்பரத்தில் அதிகாரிகளை ஏற்றி ஒரகடம் போய், நடுவில் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பினால் அவ்வளவுதான் வரும். நேர்ச்சாலையில், ஒரே சீரான வேகத்தில், எஞ்சின் சூடேறி ஓடிய கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டிய ஒரு லட்சத்தைவிட இது எஞ்சினுக்கு நல்லது. "ஆனா ஒண்ணு" என்றான், "ஆபீசர் மீட்டிங்ல இருக்கும்போது ஏ.சி. போட்டு மணிக்கணக்கா நிறுத்தி வச்சிருப்பாங்க. அது மீட்டர்ல ஏறாது."

அதனால் அந்த வண்டியை ஓட்டியவரையே பார்க்கக் கேட்டோம். கம்பெனி நிர்வாக அலுவலகத்தில் இருந்தவருக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. முதல் ஐந்து ஆண்டு சர்வீஸ் பில் மட்டும் ஃபைலில் இருந்தது. கேட் அருகே டிரைவரைக் காட்டினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருடமாக அந்த ஒரே வண்டியை ஓட்டியிருக்கிறார், எப்போதும் ஏஜென்சி மூலமான ஒப்பந்தம்தான். இனி கம்பெனி வாடகைக் கார் ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடப்போகிறது. வண்டியோடு அவர் வேலையும் முடிகிறது.

"எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னோம்.

"ஊரா, காலனியா?"

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் வயிற்றில் ஒரு இழுப்பு இழுக்கும். எழுதுகிற நமக்கும் பேசுகிற நமக்கும்கூடத்தான். "காலனி" என்றோம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்டார் என்றும் சொல்லவில்லை. வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டிய நோட்டு.

அதில் எல்லாம் இருந்தது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது, டீசல் ஃபில்டர் மாற்றியது, முன்பக்க பிரேக் பேட், பேட்டரி, கிளட்ச் செட். 1,48,000-இல் டைமிங் பெல்ட். கடைசிப் பக்கத்தில், "2-வது கியர் காலையில் முரண்டு. ஆபீசில் சொல்லியாச்சு" என்று எழுதி, அதற்குக் கீழே மூன்று முறை "சொல்லியாச்சு" என்று வெவ்வேறு தேதிகளில் எழுதியிருந்தார். கம்பெனியின் ஃபைலில் இல்லாத ஏழு வருடக் கணக்கு அந்த நோட்டில் இருந்தது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்தோம். வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. இந்த வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தபோது லேசான கரும்புகை, பிறகு சுத்தம். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் பெரிதாகக் காற்று அடிக்கவில்லை. கூலண்டில் எண்ணெய்ப் படலம் இல்லை. சஸ்பென்ஷன் புஷ்கள் போயிருந்தன, இரண்டு டயர் மொட்டை, மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அதே நிலை. டைமிங் பெல்ட் மாற்றி 1,23,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. இந்த எஞ்சினில் அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். நோட்டு இல்லாவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஃபைலை நம்பியிருந்தால் பெல்ட் எப்போது மாற்றியது என்றே தெரியாமல் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்போம்.

விலை 4,40,000 என்று பேசி முடித்தோம். மறுநாள் ஃபோன் வந்தது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 79,200 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டுமாம். ஒரு நிமிடம் எல்லோருக்கும் தலை சுற்றியது. எங்கள் காலனியில் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் பெண் இருக்கிறாள். அவள்தான் பேசினாள். கம்பெனி தன் பழைய காரை விற்கும்போது முழு விலைக்கும் வரி கிடையாது. தேய்மானம் கழித்துக் கணக்கில் நிற்கும் மதிப்புக்கு மேல் எவ்வளவு கூடுதலாக விற்கிறதோ அந்தக் கூடுதலுக்கு மட்டும்தான் 18 சதவீதம். கணக்கில் அந்த வண்டியின் மதிப்பு 1,85,000 என்று நின்றது. ஆக 2,55,000-க்குத்தான் வரி. 45,900 ரூபாய். அக்கவுண்டண்ட் சரிபார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். கடைசியில் வரி எல்லாம் உட்பட 4,60,000 என்று முடிந்தது. இருபத்திமூன்று வயதுப் பெண் ஐந்து நிமிடத்தில் மீட்டுக் கொடுத்த பணத்தில்தான் பிறகு டயர் போட்டோம். நம் பிள்ளைகள் படித்து என்ன ஆகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

அந்த விலைப்பட்டியலைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. பன்னிரண்டு வருடத்தில் வண்டிக்கு எவ்வளவு தேய்மானம் என்று கம்பெனி ரூபாய் சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கிறது. பதினோரு வருடம் அதை ஓட்டியவரின் முதுகுவலிக்கும் கண்பார்வைக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஏஜென்சியிடமிருந்து கடைசி மாதச் சம்பளம் மட்டும் வந்ததாகச் சொன்னார்.

இடையில் புகுந்த புரோக்கர் ஒருவர், பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் சுலபமாக முடித்துத் தருகிறேன் என்றார். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளை நாம் என்ன சாட்சி சொல்வது? வங்கி மூலம்தான் கொடுப்போம் என்றோம். அப்படியானால் யார் கணக்கிலிருந்து போகும், ஆர்.சி. யார் பேரில் வரும் என்ற கேள்வி எழுந்தது.

இங்கேதான் எங்கள் அழுக்கையும் சொல்ல வேண்டும். எங்கள் படிப்பகம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அதன் பேரில் வாங்குவதாகத்தான் பேச்சு. ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஆண்டறிக்கை தாக்கல் செய்து பல வருடம் ஆகியிருந்தது. ஏப்ரல் 14 விழாவுக்கு மைக் செட் வைக்க மறக்காத நாங்கள் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க மறந்திருந்தோம். சங்கத்தின் பேரில் வாங்க முடியவில்லை. உடனே ஆண்களாகிய நாங்கள் எங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேட ஆரம்பித்தோம். மூன்று பெயர்கள் வந்தன. மூன்றும் ஆண்கள்.

சுயஉதவிக்குழுச் செயலாளர் அக்கா எழுந்தார். "தனியா அதிகமா பணம் போட்டது எங்க குழு. எங்க பேரு ஒருத்தருக்கும் வாயில வரலியே?"

"அதுக்கில்லக்கா. நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்னா ஸ்டேஷன், கோர்ட்டுன்னு பொம்பளைங்க அலையணுமே" என்றார் ஒருவர்.

"எங்க பணம் மட்டும் அலையலாமா?"

யாரும் பேசவில்லை. சாலிஸ்காவைப் பற்றி அரைமணி நேரம் பேசிய கூட்டம்தான் அது. ஊரும் காலனியும் என்று பிரித்தவனைத் திட்டுகிறோம். காலனிக்குள்ளேயே பணம் கேட்கும்போது ஒரு வரிசை, பெயர் எழுதும்போது வேறு வரிசை வைத்திருந்தோம். அன்று ஆர்.சி. அக்கா பேரில் என்று முடிவானது. பணம் அனைத்தும் அவர் வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்தே கம்பெனிக்குப் போனது. யார் எவ்வளவு போட்டார்கள், விலகினால் எப்படிப் பணம் திரும்பும், விற்றால் எப்படிப் பங்கு என்று முத்திரைத்தாளில் எழுதி 29 கையெழுத்து வாங்கினோம்.

அலைச்சல் பற்றி அந்தத் தோழர் சொன்னது வெறும் சாக்கு என்றாலும் சட்டம் அதில் கொஞ்சம் இருக்கிறது. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. கைமாறிக் கைமாறிப் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விற்றவருக்கும் இது ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. எனவே பெயர் மாறாமல் ஒரு நாள்கூட வண்டியை ஓட்டக் கூடாது என்று முடிவெடுத்தோம்.

அது சொல்லும் அளவுக்குச் சுலபமாக இல்லை. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, 2018-லேயே அடைத்துவிட்ட வங்கிக் கடன் இன்னும் ஆர்.சி.யில் நின்றது. கம்பெனி ஹெச்.பி.யை நீக்கவே இல்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்க மூன்று வாரம். பிறகு படிவம் 29, 30. கம்பெனி வண்டி என்பதால் யார் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதமும், கம்பெனி சீலும் வேண்டும். எல்லாம் சேர்ந்த நாளில் ஓ.டி.பி. வரவில்லை. ஆர்.சி.யில் இருந்த கைபேசி எண் என்றோ வேலையை விட்டுப்போன ஒரு மேலாளருடையது. அவரைத் தேடிப் பிடித்தது டிரைவர் அண்ணன்தான். கம்பெனிக்கு அவர் எண் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டு வாசலில் பத்து வருடம் காத்திருந்தவர் அல்லவா.

செலுத்தாத அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்திலும் பார்த்துவிடுங்கள். இரண்டு இருந்தன, கம்பெனியே கட்டியது. மாநிலத்துக்குள் விற்றால் அதை விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க 14 நாள் கெடு, வாங்கியவர் இன்ஷூரன்சை மாற்றிக்கொள்ளவும் 14 நாள். எங்களுடையது காலாவதி ஆகும் தறுவாயில் இருந்ததால் அக்கா பேரில் புதிதாகவே எடுத்தோம்.

வண்டி 4,60,000. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், புஷ், நான்கு டயர், கூலி எல்லாம் சேர்த்து 46,000. இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு, போக்குவரத்து 19,000. மொத்தம் 5,25,000. மிச்சம் 3,000. அதற்கு டீசல் போட்டோம். பின் கண்ணாடியில் அம்பேத்கர் படம் ஒட்ட வேண்டும் என்று பையன்கள் முதல் நாளே ஸ்டிக்கரோடு நின்றார்கள். மெக்கானிக் தம்பி, "மொதல்ல பெல்ட் மாத்துவோம், அப்புறம் படம்" என்று சொல்லிவிட்டான். இரண்டும் அந்த வரிசையிலேயே நடந்தன.

ஓட்டுவதற்கு விதிகள் வைத்திருக்கிறோம். லைசென்ஸ் உள்ள நான்கு பேர் மட்டும். குடித்தவர் சாவியைத் தொடக் கூடாது. வாடகை வாங்கக் கூடாது. இது வெள்ளை போர்டு வண்டி. சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்ஷூரன்சும் கைவிரிக்கும். எனவே குடும்பத்துக்கு மாதம் 150 ரூபாய் சந்தா, அதிலிருந்து டீசலும் பராமரிப்பும். ஆஸ்பத்திரிக்கு முதல் இடம், தேர்வுக்கு இரண்டாம் இடம், மனுவுக்கு மூன்றாம் இடம். கல்யாணத்துக்குக் கிடையாது. இந்தக் கடைசி விதியை மாற்றச் சொல்லி ஏற்கெனவே இரண்டு முறை கூட்டம் போட்டுவிட்டார்கள்.

நாலாவது ஓட்டுநரும் ஒரு பெண். ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் அதே பெண்தான், மூன்று மாதம் பழகி லைசென்ஸ் எடுத்தாள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரியம்மாவைப் புதுச்சேரிக்கு அவள்தான் அழைத்துப் போனாள். பெரியம்மா வாசலில் ஏறினார், வாசலில் இறங்கினார்.

டிரைவர் அண்ணனுக்கு எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் நகல் எடுத்துக்கொள்கிறோம் என்றோம். "வண்டியோட போறதுதான் சரி" என்று சொல்லிவிட்டார். பி.எஃப். பணம் நிலுவையில் இருக்கிறது என்றார். அதற்கான மனுவை எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. பணம் வரும்வரை தொடர்ந்து கேட்போம்.

நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் மிச்சம் இருந்தது. 2,71,000-க்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு நாங்கள் எழுதிக்கொண்டு வருகிறோம். இரண்டாவது கியரைச் சரிசெய்தாயிற்று.